நீ கேட்ட வாசிப்புத் தாளை நான் அனுப்பவில்லை

ஆரணி,

அந்தத் தாளை நான் அனுப்பமாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிக்கலாம். தாள் தொலையவில்லை. ரங்குப்பெட்டிக்குள் இருந்தது, தேடி எடுத்துவிட்டேன், இதை எழுதும்போது என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிடம் போதும். வியாழக்கிழமை நீ போட்ட செய்தியை இன்னொரு தரம் பார்க்கிறேன். "அப்பா, நான் எட்டாம் ஆண்டு படிக்கேக்கை நீங்கள் பிரிட்ஜிலை ஒட்டின வாசிப்புத் தாள் இருக்கோ? திங்கக்கிழமை தொடக்கம் ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு வாசிப்பு மீட்டல் செய்யச் சொல்லியிருக்கினம். கெதியாய்த் தாங்கோ." அதற்கு நான் "பாக்கிறன்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டேன். நீ பிறகும் இரண்டு தரம் கேட்டாய். எனக்கு நீளமாக எழுதிப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். ஓர் இயந்திரத்தில் என்ன பிழை, எதை மாற்றினேன், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று மூன்று வரி எழுதுவேன். இது மூன்று வரிக்குள் அடங்காது.

நீ பயிற்சி ஆசிரியையாக வகுப்புக்குள் போகிறாய். இனி விடுதியில் இருப்பாய், சனி ஞாயிறுகளில் வந்தால் வருவாய். எனக்கு நாற்பத்தொரு வயது. நான் இயந்திரம் திருத்தும் மயிலிட்டித் துறைமுகத்தில் இன்னும் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னோடு படித்தவர்களில் சிலரின் பிள்ளைகள் இப்போதுதான் முன்பள்ளிக்குப் போகிறார்கள். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது. தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்துவிட்டு வந்தவனுக்குப் பிள்ளை வளர்ப்பும் அந்தப் படிப்புக்குள் அடங்கிவிடும் என்ற எண்ணம் இருந்தது. பிழை எங்கே என்று பார், கண்டுபிடி, திருத்து, மூடு. உனக்கு நான் செய்த எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன். இதை நீ உன்னோடு பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்களும் திங்கட்கிழமை வேறு யாரோ ஒரு தகப்பனின் பிள்ளைக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள்தானே.

அந்தத் தாள் எப்படி வந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது மயிலிட்டியை இராணுவம் இன்னும் திறந்துவிடவில்லை. நாங்கள் அச்சுவேலியில் வாடகை வீட்டில் இருந்தோம், நான் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. உன் தமிழ் ரீச்சர் என்னைப் பாடசாலைக்கு வரச் சொன்னார். கையில் ஓயிலோடும் வியர்வையோடும் வந்து நின்றேன். பேச்சுப்போட்டியில் மாகாண மட்டத்துக்கு உன்னை அனுப்பப் போகிறார்கள், அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு.

"தம்பி, உங்கடை மகள் நல்லா வாசிக்கிறா" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர், தெரியும். மூண்டு கப் எடுத்தவளெல்லோ."

"வாசிக்கிறா. ஆனால் என்ன வாசிக்கிறா எண்டு அவவுக்குத் தெரியேல்லை."

"அதென்ன கதை? தெரியாமல் எப்பிடி வாசிக்கிறது?"

அவர் என்னோடு வாக்குவாதப்படவில்லை. உன்னைக் கூப்பிட்டு ஒரு பந்தியைத் தந்தார். ஒரு மனிதர் நனைந்தபடி கடைக்கு வருகிறார். கடைக்காரர் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வந்தவர் குடையை உதறிவிட்டு வாசலிலேயே நிற்கிறார். நீ வாசித்தாய். எவ்வளவு வடிவாக வாசித்தாய்! நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலைத் தூக்க வேண்டிய இடத்தில் தூக்கி. நான் ரீச்சரைப் பார்த்தேன், இப்ப என்ன சொல்லப் போறீங்கள் என்பதுபோல. அவர் உன்னிடம் கேட்டார், "ஏன் பிள்ளை அவர் உள்ளுக்குப் போகேல்லை?" நீ சொன்னாய், "அவர் குடையை உதறிவிட்டு வாசலிலேயே நின்றார்." "அது சரி. ஏன் நிண்டவர்?" "குடையை உதறிவிட்டு நின்றார் ரீச்சர்." அதே வசனம், அதே ஏற்ற இறக்கம். உன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. சரியான விடையைச் சொல்லிவிட்டதாகவே நினைத்துச் சிரித்தாய்.

"உவள் காதாலை படிச்சவள் தம்பி" என்றார் ரீச்சர். "ஒருத்தர் எழுதிக் குடுக்கிறதை இன்னொருத்தர் சொல்லிக் குடுக்க, பாடமாக்கிப் பாடமாக்கி வந்தவள். நாங்கள் எல்லாரும் கை தட்டினனாங்கள், நானும் தட்டினனான். அடுத்த தவணைச் சோதினையிலையும் உப்பிடி எழுதினால் அடுத்த வருசம் இந்தப் பிரிவிலை வைச்சிருக்க விடமாட்டினம்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் அது. பேச்சை ஒரு மாமாவோ வாத்தியாரோ எழுதித் தருவார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே ஒரு வரி சொல்ல, நீ அடுக்களை வாசலில் நின்று அதைத் திருப்பிச் சொல்வாய். ஐந்து நாளில் மூன்று பக்கம் உன் வாய்க்குள் இருக்கும். மேடையில் நீ கையை உயர்த்தும்போது நான்தான் முதலில் கை தட்டுவேன். என் தொழிலில் இதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது. மோட்டர் ஓடுகிறது, சத்தம் நன்றாக இருக்கிறது, பெட்டிக்குள் கையை வைத்தால் குளிர் இல்லை. ஓடாத இயந்திரத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். ஓடிக்கொண்டே குளிராததைத்தான் எல்லோரும் தவறவிடுவார்கள். உன் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள், பிள்ளை. தட்டித் தடவி வாசிக்கிறவனை நீ தேட வேண்டியதில்லை, அவன் தானாகத் தெரிவான். தண்ணீர்போல வாசிக்கிறவளை நிறுத்தி, புத்தகத்தை மூடச் சொல்லி, என்ன நடந்தது என்று உன்னிடம் கதையாகச் சொல்லச் சொல்லு. அவள் புத்தகத்தில் இருந்த அதே வசனத்தைச் சொன்னால் கை தட்டாதே.

அன்று வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளில் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "மூண்டு கப்பையும் கொண்டுபோய்த் திருப்பிக் குடுப்பமோ?" என்றேன். என் முதுகில் உன் நெற்றி இருந்தது, அழுகிறாய் என்று தெரிந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். இப்படியான இடத்தில் வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே தாளை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சேர்விஸ் பட்டியல் எழுதுகிறமாதிரி, ஏழு படி. தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு போட்டுப் பொருள் தேடு. நீள வசனத்தை உடைத்து யார், என்ன செய்தார் என்று பார். முதன்மைக் கருத்து எது? எது முதலில் நடந்தது, எது பிறகு? காரணம் என்ன? எழுதியவர் சொல்லாமல் சொன்னது என்ன? கடைசியில் ஒரே வரியில் சுருக்கம். இவற்றில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் ஏழையும் சரி என்றுதான் சொல்வேன், உன் விரிவுரையாளர்களும் அப்படித்தான் சொல்வார்கள். பிழை அதற்குக் கீழே இருந்தது. சிவப்புப் பேனையால், பெரிய எழுத்தில்: கேள்வி கேட்காதே. திரும்ப வாசி.

அதை ஏன் எழுதினேன் என்பதற்குப் பெரிய தத்துவம் கிடையாது. நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவேன், குளித்துவிட்டு உன்னோடு இருப்பேன். நீ வரிக்கு வரி "இதென்னப்பா? இது ஏனப்பா?" என்பாய். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்ததுக்கும் என்னிடம்தான் வருவாய், நீயாகக் கண்டுபிடிக்க மாட்டாய் என்று ஒரு நியாயமும் சேர்த்துக்கொண்டேன். களைத்துப்போன ஆளுக்கு நியாயம் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை.

வாசிக்க வீட்டில் புத்தகம் இருக்கவில்லை. பத்திரிகை இருந்தது. அதில் நான் உனக்கு எடுத்துத் தந்தது மரண அறிவித்தல் பக்கம். அம்மாவுக்கு அதைக் கண்டால் பத்திக்கொண்டு வரும்.

"உங்களுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ப் பிள்ளை செத்த வீட்டு அறிவித்தல் வாசிக்குது!"

"இஞ்சரும், இதைவிட நீளமான வசனம் தமிழிலை இல்லை. பதினைஞ்சு வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி. இதை உடைச்சு விளங்கினாளெண்டால் எதையும் விளங்குவாள்."

"உடையுங்கோ, உடையுங்கோ. என்ரையையும் ஒருநாள் இருந்து உடையுங்கோ."

அம்மா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். நீ விரலை வைத்து வாசிப்பாய்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அருமைத் தாயாரும். முதல் இரண்டு கிழமை ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் நீ பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாய், "அப்பா, இவவுக்கு நாலு பிள்ளையள். மருமக்கள் மூண்டு பேர்தான் இருக்கினம். ரெண்டாவது மகனுக்கு மட்டும் இருக்கிற நாட்டின்ரை பேரும் போடேல்லை, மனுசியின்ரை பேரும் போடேல்லை. அவர் ஆரையோ விரும்பிக் கட்டிப்போட்டார். இவையள் கோவத்திலை இருக்கினம்." நான் கதிரையிலிருந்து எழும்பி உன் தலையில் கை வைத்தேன். சொல்லாமல் சொன்னது எது என்று நீ முதன்முதல் பிடித்த இடம் அதுதான். அம்மா அடுக்களைக்குள் இருந்து, "ஊர்வம்பும் துளாவாரமும் படிப்பிச்சாச்சு, இனி என்ன?" என்றார். ரீச்சர் கூப்பிட்டதிலிருந்து பரீட்சை வரைக்குமான அந்த மூன்று மாதத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்று கடைசியாக இருக்கும். எனக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

அம்மாவின் வயிற்று வலி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆசுப்பத்திரியில் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்து உன் மாமாவுக்குச் சொன்னேன். அவர் தன் சகோதரியைப் பற்றித்தான் முதலில் கேட்டார், "சுகந்திக்குச் சொல்லிப்போட்டியளோ? சொல்லிப்போடாதைங்கோ அத்தான். சொன்னால் அந்த யோசினையிலையே போயிடுவாள்." எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது இதுதான். நோயாளிக்குச் சொல்வதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகும் அந்த ஆளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். நானும் அப்படியே செய்தேன். வயிற்றில் புண், மருந்து எடுத்தால் ஆறும் என்று அம்மாவுக்குச் சொன்னேன், உனக்கும் சொன்னேன். டொக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கடிதத்தை அலுமாரிக்கு மேலே துணிகளுக்குக் கீழே வைத்தேன். அலுமாரியைப் பூட்டத் திறப்பு இருந்தது. அதற்கு மேலே கிடப்பதைப் பூட்ட முடியாதென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு உன்னில் ஒரு மாற்றம் வந்தது. நீ கேள்வி கேட்பதை நிறுத்தினாய். பந்தியைத் தந்தால் வாசிப்பாய், கோடு போடுவாய், ஏழு படியையும் எழுதிக் கொப்பியை நீட்டுவாய். விடைகள் சரியாக இருந்தன. நான் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன், "பாத்தீரோ, என்ரை தாள் வேலை செய்யுது. ஒரு கேள்வி கேக்கிறாளில்லை." அம்மா சொன்னார், "பிள்ளை கதைக்கிறதே இல்லை. கவனிச்சனீங்களோ?" நான், "படிப்பிலை கவனம் வந்திட்டுது, அதுதான்" என்றேன். ஆரணி, இதை உனக்காகவும் உன்னோடு வகுப்புக்குள் போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். வாசிப்பை மீட்டும்போது ஒரு பிள்ளை திடீரென்று அமைதியாகி எல்லாவற்றையும் சரியாகச் செய்யத் தொடங்கினால் புள்ளி போட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடாதே. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இரு. விளங்கியது என்பதற்கும் பயந்துபோயிருக்கிறது என்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான்.

தவணைப் பரீட்சையின் தமிழ்ப் பாடம் வந்த நாள் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். வெள்ளை உடுப்புப் போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, சைக்கிளை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாய். அம்மா நித்திரை. நீ அறை வாசலில் நின்றாய். "அப்பா" என்றாய். நான் மருந்துப் போத்தலைப் பார்த்துக்கொண்டே "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை." "ஒண்டுமில்லையெண்டால் வெளிக்கிடு, நேரம் போகுது. ஏழு படியும் ஞாபகமிருக்கோ?" "ஓம்." "அப்ப போட்டு வா." நீ "போட்டு வாறன்" என்று அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாய், என்னைப் பார்த்து இல்லை. எனக்கு அது அப்போது படவில்லை.

அம்மா பத்து மணிக்குச் சற்று முன்பு போனார். உன் பரீட்சை பதினொன்றரைக்குத்தான் முடியும். மாமா ஓடிவந்து மோட்டார் சைக்கிளைத் திருப்பினார், "பிள்ளையைக் கூட்டியாறன் அத்தான்." நான் அவரை நிறுத்தினேன். "சோதினை முடியட்டும். கேற்றடியிலை நில்லும். எழுதி முடிச்சுப்போட்டு வரட்டும்" என்றேன். இதை இதுவரை யாரும் உனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், மாமா வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அவர் ஒன்றரை மணி நேரம் உன் பாடசாலை வாசலில் வெயிலில் நின்றார். நீ உள்ளே இருந்து யாரோ எழுதிய ஒரு பந்திக்குச் சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தாய். நான் அப்படிச் செய்ததற்கு இன்றைக்கு ஒரு காரணமும் சொல்லமாட்டேன். அன்றைக்குப் பல காரணம் வைத்திருந்தேன்.

அம்மாவின் அறிவித்தலை மாமா எழுதினார். பத்திரிகைக்குக் கொடுக்க முன்பு நீதான் வாங்கிப் பார்த்தாய். பதின்மூன்று வயதுப் பிள்ளை, அழுது வீங்கிய முகத்தோடு, விரல் வைக்காமல் மேலிருந்து கீழே ஒரு தரம் வாசித்தாய். "அம்மாவின்ரை பிறந்த ஊர் விடுபட்டிட்டுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாய். சனம் உன்னைப் பார்த்தது. நெஞ்சுறுதியான பிள்ளை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பரீட்சையில் நீ சித்தியடைந்தாய், அந்தப் பிரிவிலேயே இருந்தாய், தமிழை எடுத்துப் படித்தாய், இப்போது தமிழ் படிப்பிக்கப் போகிறாய். எட்டு வருடம் நான் இதை என் வெற்றிகளில் ஒன்றாக வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை உன் செய்தியைப் பார்த்துவிட்டு ரங்குப்பெட்டியைத் திறந்தேன். தாள் நான்காக மடித்து உன் எட்டாம் ஆண்டுக் கொப்பிக்குள் இருந்தது. விரித்தபோது உள்ளே இன்னொரு தாள் மடித்திருந்தது. டொக்டரின் கடிதத்தை நீ உன் கையெழுத்தில், எழுத்து எழுத்தாகப் பார்த்துப் படியெடுத்திருந்தாய். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலேயும் பென்சிலால் தமிழ். அகராதியில் எத்தனை நாள் தேடினாயோ தெரியாது, சில சொற்களை மூன்று தரம் அழித்து எழுதியிருக்கிறாய். நோய் ஈரலுக்கும் பரவியுள்ளது. சத்திரசிகிச்சையால் பயன் இல்லை. வலி தணிக்கும் மருந்து மட்டும். குடும்பத்தினருக்கு விளக்கப்பட்டது. அதற்குக் கீழே நான் பழக்கிய ஒழுங்கில் ஏழு படியையும் எழுதியிருந்தாய். முதன்மைக் கருத்து எழுதியிருந்தாய். எது முதலில், எது பிறகு என்று எழுதியிருந்தாய். சொல்லாமல் சொன்னது என்ற இடத்தில், "குடும்பத்தினர் என்றால் அப்பா. எனவே அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் எனக்கும் சொல்லவில்லை. நாங்கள் பயப்படுவோம் என்று" என்று இருந்தது. உன் சுருக்கம் எப்போதும் நீளம் என்று நான் ஏசுவேன், ஒரு வரிக்குள் அடக்கு என்பேன். இதில் ஒரு வரிதான் இருந்தது: "அம்மாவுக்குச் சுகம் வராது."

இதற்கு நான் எத்தனை புள்ளி போட்டிருப்பேன் என்று யோசித்தேன். முழுப் புள்ளியும் போட்டிருப்பேன். ஒரு பிழையும் இல்லை.

தாளின் அடி மூலையில், ஏழு படியிலும் சேராமல், சின்ன எழுத்தில் ஒரு வசனம் இருந்தது. அடிமட்டம் வைத்து நேராக அதைக் கோடு போட்டு வெட்டியிருந்தாய். வெயிலில் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. "அப்பா, நான் சோதினைக்குப் போகாமல் அம்மாவோடை நிக்கட்டோ?"

நான் அன்றிலிருந்து இந்த வீட்டில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. துறைமுகத்தில் ஓர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டாமல் வந்திருக்கிறேன், படகுக்காரச் சம்மாட்டி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். அந்தத் தாள் உள்ளே இருப்பதை மறந்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டாயா, நான் அதைக் காண வேண்டும் என்றே கேட்டாயா? உன் செய்தியை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்று வசனம்தான். விளங்கவில்லை. உன்னிடம் கேட்கவும் துணிவு வரவில்லை. நீ எட்டு வருடம் எப்படி இருந்திருப்பாய் என்பது இந்த மூன்று நாளில் கொஞ்சம் தெரிகிறது.

வகுப்பில் ஏழு படியையும் நீ உன் சொல்லில் எழுதிப் போடலாம், அதற்கு என் தாள் தேவையில்லை. சிவப்பு வரி இல்லாமல் எழுது. வாசித்து முடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியாவது கேட்காமல் கொப்பியை மூடக் கூடாது என்று சொல்லு. பந்தியைப் பற்றிக் கேட்டால் கேட்கட்டும், வீட்டைப் பற்றிக் கேட்டால் கேட்கட்டும். பிந்தினால் பிந்தட்டும். பாடத்திட்டம் முடியாவிட்டால் உன் மேலதிகாரி ஏசுவார், ஏச்சை வாங்கிக்கொள். கொப்பி திருத்தும்போது சரியான விடையை மட்டும் பார்க்காதே. வெட்டியிருப்பதையும் வெளிச்சத்தில் பிடித்து வாசி.

இனி, அந்த வெட்டிய வரிக்குப் பதில். ஓம், பிள்ளை. நீ நின்றிருக்கலாம். நீ கேட்டிருந்தால் நான் ஓம் என்று சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். அன்றைக்கு இருந்த நான் சத்தம் போட்டு உன்னைச் சைக்கிளில் ஏற்றியிருப்பேன். அதனால் இதில் உன் பிழை எள்ளளவும் இல்லை. கேட்டிருந்தால் நடந்திருக்குமோ என்று நீ இவ்வளவு காலமும் நினைத்திருந்தால், இனி அதை விட்டுவிடு. அது முழுக்க என் கணக்கு.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ சைக்கிளில் போய்ச் சிறிது நேரத்தில் அம்மா கண் விழித்தார். "பிள்ளை எங்கை?" என்றார். "சோதினைக்குப் போட்டாள்" என்றேன். "சாப்பிட்டவளோ?" "ஓம்." நீ சாப்பிட்டாயா என்று எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு திரும்பவும் என்னைப் பார்த்து, "அவள் வந்தோடனை என்னை எழுப்புங்கோ. நான் எவ்வளவு நித்திரையெண்டாலும் எழுப்புங்கோ. அவளோடை ஒருக்கால் கதைக்கோணும், அவள் என்னோடை கதைக்கப் பயந்துகொண்டு திரியிறாள்" என்றார். நான் "சரி, சரி, இப்ப படும்" என்றேன்.

அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, ஆரணி? தன்னைப் பற்றித் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, உனக்குத் தெரியும் என்பதையும் உன் முகத்தில் கண்டுவிட்டுத்தான் சொன்னாரா? அந்த வசனத்தை எட்டு வருடமாக உடைத்து உடைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை. இந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நீ. நீ சொல்லு.

அப்பா